ஆமையின் கண்ணும் விளக்கின் எண்ணும்

தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். கடலாமைக்கும் அவ்வாறு ஒரு தாய்வீடு உண்டு. தான் பிறந்த கடற்கரைப் பகுதியையே நாடிவந்து அது முட்டையிடுகிறது. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை ஆகிய நான்கு வகை ஆமைகளும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கரைகளில் முட்டையிடுகின்றன. வட அந்தமானில் திகிலிப்பூருக்கு அருகிலுள்ள காளிப்பூர்க் கடற்கரை இதற்குப் பெயர் பெற்றது.

ஆமை கரையேறுவது பெரும்பாலும் இரவில்தான். அதனைக் காணச் செல்வோர் கையில் விளக்கு ஒன்று வேண்டும். எந்த விளக்கு என்பதே வினா.

சிறு கைவிளக்கு செய்ய விரும்பும் மாணவன் ஒருவன் கடைக்குச் சென்று எல்.இ.டி. வாங்குவதாகக் கொள்வோம். உறையின் மேல் மில்லிகேண்டெலா என்ற அலகில் ஓர் எண் இருக்கும். ஒரு குறிப்பிட்ட திசையில் ஒளி எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதை அளப்பது கேண்டெலா. மெழுகுவத்தி ஒன்றின் ஒளிச்செறிவு ஏறத்தாழ ஒரு கேண்டெலா. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகேண்டெலா. விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளியை அளப்பதோ லூமென். முன்னது குழாய் முனையில் நீர் பீறிடும் வேகம் போன்றது. பின்னது குடத்தில் நிறையும் நீர் போன்றது.

எண் பெரிதாயின் விளக்கும் பெரிது என எண்ணிவிடலாகாது. ஒரே அளவு ஒளியை 30 பாகைக் கோணத்தில் பரப்பும் விளக்கைவிட, 15 பாகைக் கோணத்தில் குவிக்கும் விளக்கின் மில்லிகேண்டெலா ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒளி கூடவில்லை, குவிந்துள்ளது. ஆகவே எண்ணோடு கோணத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வலகுகள் மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொண்டவை. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிக நன்றாக உணர்கிறது. அந்த ஒளியில் ஒரு வாட் ஆற்றல் 683 லூமென் ஆகும். 470 நானோமீட்டர் நீல ஒளியில் அதே ஒரு வாட் ஏறத்தாழ 62 லூமென் மட்டுமே. எனவே ஒரே கோணமும் ஒரே மில்லிகேண்டெலாவும் உடைய இரு விளக்குகளுள், 625 நானோமீட்டர்ச் சிவப்பைவிட 470 நானோமீட்டர் நீலம் மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றலை வீசுகிறது. நம் கண் அவ்விரண்டையும் சமம் என்கிறது.

ஆமையின் கண் அவ்வாறு சொல்வதில்லை. ஊதா, நீலம், பச்சை ஆகிய குறுகிய அலைநீள ஒளிகளை அது கூர்ந்து உணரும். சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். மணலைக் கிளறி வெளிவரும் ஆமைக்குஞ்சு, தாழ்ந்து வெளுத்துத் தோன்றும் கடல் அடிவானத்தை நோக்கி ஓடுகிறது. கரையில் வெண்ணிற விளக்கு எரிந்தால், அதனையே கடலென நம்பி நிலத்தின் பக்கம் சென்றுவிடும். விடியும்போது நாய்க்கும் காகத்துக்கும் வெயிலுக்கும் இரையாகும். முட்டையிட வந்த தாயோ வெளிச்சம் கண்டு அஞ்சி, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். பெரும்பாலான வெள்ளை எல்.இ.டி. விளக்குகளின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு என்பதையும் இங்கே நினைத்தல் தகும்.

ஆகையால் ஆமைக் கடற்கரைக்கு உரியது 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமும் குறைந்த மில்லிகேண்டெலாவும் கொண்ட சிவப்பு விளக்கு. அதனால் மனிதருக்கும் ஒரு நன்மை உண்டு. இருளுக்குப் பழகிய கண்ணை மங்கிய சிவப்பொளி எளிதில் கெடுப்பதில்லை; விளக்கை அணைத்தபின்னும் விண்மீன் ஒளியில் வழி தெரியும்.

சிவப்பு விளக்கையும் ஆமையின் முகத்துக்கு நேரே காட்டலாகாது. நடப்பவர் காலடியில் மட்டுமே அது விழவேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைக்குக் காவல் தருகிறது. அச்சட்டம் எட்டாத இருளில், விளக்கை ஏந்தும் சிறு கையே அதற்குக் காவல்.