லெந்து

பங்குனி பிறந்த வாரம். சாப்பாட்டு நேரம் முடிந்து கவுண்டரில் கூட்டம் மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது. சபை மூப்பர் ஒருவர் பென்ஷன் பாஸ்புக்கைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தம்பி, பெரிய வெள்ளிக்கு நாலாம் வார்த்தை உங்களுக்குப் போட்டிருக்கு.”

பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை. சிலுவையில் ஏசு சொன்னதாகச் சுவிசேஷங்களில் வரும் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். ஒன்றோ இரண்டோ ஆயருக்கு. மீதி தலைமையாசிரியை, நர்ஸ், ஓய்வுபெற்ற தாசில்தார் என்று பிரியும். மன்னிப்பும் பரதீசும் சீக்கிரம் போய்விடும். கைவிடப்பட்டவனின் கூக்குரலான நாலாவதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

“எனக்கு விசுவாசம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே” என்றேன்.

“அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. பேச்சு பத்து நிமிஷம்தான்” என்று சொல்லிவிட்டு, வரவு வைத்தாகிவிட்டதா என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே போனார்.

விசுவாசம் இல்லாமல் ஏன் கோவிலுக்குப் போகிறாய் என்று சென்னை நண்பர்கள் கேட்கிறார்கள். உருவத்துக்காகப் போகிறேன் என்று ஒருமுறை பதில் எழுதினேன். உள்ளடக்கம் உதிர்ந்த பிறகும் நிற்கிற உருவத்தைப் பற்றிப் பத்து பக்கம் எழுதலாம்; எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலில் பாவனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறெங்கும் என்னை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதுதான் நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

நான் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவனல்ல, மாற்றலில் வந்தவன். எங்கள் குடும்பம் காஞ்சிபுரம் பக்கம். ஸ்காட்லாந்து மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வம்சம். தாத்தா கடைசிவரை தன்னைப் பிரெஸ்பிட்டேரியன் என்றே சொல்லிக்கொண்டார். அந்தப் பெயர் 1908-இலேயே தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போய்விட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த ஐக்கிய சபையும் அதற்குள் கரைந்தது. தாத்தாவுக்கு அப்போது 22 வயது. பிரெஸ்பிட்டரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூத்தவர், மூப்பர் என்று பொருள். பிஷப் என்று ஒருவர் மேலே இல்லாமல் மூப்பர்களும் போதகரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சபையை நடத்துவதுதான் அந்த ஏற்பாடு. அப்படிப்பட்ட சபையின் போதகராக 1936-இல் தமிழ்நாட்டுக்கு வந்து காஞ்சிபுரத்தில் வேலை பார்த்தவர் லெஸ்லி நியூபிகின். 1947-இல், 37 வயதில், மதுரை-ராமநாதபுரத்துக்கு முதல் பிஷப்பாக அவரை அபிஷேகம் செய்தார்கள். “நம்ம ஐயரைக் கொண்டுபோய் பிஷப்பாக்கிட்டாங்க” என்று தாத்தா அறுபது வருஷம் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டிருந்தார். புகாரா பெருமையா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

இதில் இன்னொரு விசித்திரம். புதிய திருச்சபை, குருப்பட்டம் பெற்றவருக்குப் பிரெஸ்பிட்டர் என்றே பெயர் வைத்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்த எல்லோருக்கும் உரிய சொல், அங்கி போட்ட ஒருவருக்குப் போய்விட்டது. சொல் தங்கிவிட்டது, பொருள் இடம்பெயர்ந்துவிட்டது. விமர்சகர்கள் இலக்கியத்தில் தேடித் திரிகிற விஷயம் சபைக் கமிட்டியில் சாதாரணமாக நடந்திருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கின் பழைய சபைகள் தாத்தாவின் வழியல்ல. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழி. பெரியகுளம் அவர்களுடைய நிலையங்களில் ஒன்று. அவர்களும் பிஷப் வேண்டாம் என்றவர்களே. 1840களின் இறுதியில், சாதியை விட்டதற்கு அத்தாட்சியாக உபதேசியார்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அந்த மிஷன் நிர்ப்பந்தித்தது. மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள். பந்தி இந்த மண்ணில் ஒருநாளும் வெறும் தத்துவமாக இருந்ததில்லை. இன்றைக்கும் எந்தத் தெருவில் வீட்டுக்கூட்டம் வைத்தால் யார் யாருக்குத் தலைவலி வரும் என்பது எங்கள் மூப்பருக்கு முன்கூட்டியே தெரியும்.

லெந்து நாட்களில் வெள்ளிதோறும் வீட்டுக்கூட்டம். லெந்து என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இங்கே யாரும் கேட்டதில்லை. பி.ஏ. ஆங்கிலத்தால் எனக்குக் கிடைத்த சில்லறை லாபங்களில் இது ஒன்று: பழைய ஆங்கிலத்தில் லென்க்டன் என்றால் வசந்தம், பகல் நீள்கிற காலம். பனி உருகுகிற தேசத்தின் சொல் தமிழில் உபவாசத்துக்குப் பெயராகி உட்கார்ந்துவிட்டது. எங்களுக்கு இது வசந்தமா? மாமரம் பூத்து முடிந்து பிஞ்சு விட்டிருக்கும். வேம்பு பூக்கத் தயாராகும். இரண்டாம் போக நெல் அறுப்புக்கு வந்துவிடும். முல்லையாற்றில் தண்ணீர் மெலியும். உத்திரத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் காவடியோடு ரோட்டோரம் போவார்கள். வசந்த சம இரவுக்குப் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். பெரும்பாலான வருஷங்களில் அது பங்குனிப் பௌர்ணமி. ஆக அவர்களும் நாங்களும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் புறப்படுகிறோம். இதை ஒருமுறை கூட்டத்தில் சொல்லி, மௌனத்தைச் சம்பாதித்தேன்.

தாத்தா லெந்து அனுசரித்ததில்லை. ஸ்காட்லாந்துச் சீர்திருத்தக்காரர்கள் 1560-இலேயே வேதத்தில் ஆதாரம் இல்லையென்று திருநாட்களையெல்லாம் தள்ளிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறையானது 1958-இல்தான். “நாப்பது நாள் கறியை விட்டா போதுமா, நாக்கை விட வேண்டாமா” என்பார் தாத்தா. ஆனால் அவரிடமும் ஒரு வசந்தகாலச் சடங்கு இருந்தது, நினைவாக மட்டும். பழைய ஸ்காட்லாந்தில் திருவிருந்துக்கு முந்தின நாட்களில் மூப்பர்கள் வீடுவீடாகப் போவார்களாம். சண்டை சச்சரவு உண்டா, கடன் பாக்கி உண்டா என்று விசாரித்து, சரியென்று பட்டவர்களுக்கு ஒரு ஈய வில்லை கொடுப்பார்கள். ஊர்ப் பெயரும் வருஷமும் பதித்திருக்கும். அதைக் கொடுத்தால்தான் மேஜையில் இடம். டோக்கன் என்றுதான் அதற்குப் பெயர். தாத்தா அதைப் பார்த்ததில்லை. அவருக்குப் போதித்த துரை சொல்லக் கேட்டது.

எங்கள் கிளையின் பழைய இரும்பு அலமாரியில் பித்தளை டோக்கன்கள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் காசோலையை நீட்டினால் கொடுத்தவை, நம்பர் பொறித்தவை. ஆடிட் வரும்போதெல்லாம் எண்ணி வைப்பது என் வேலை.

இனி, சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் ஒரு திராட்சைக்காரர் இருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். ஒன்றரை ஏக்கர், கல்தூண் நட்டு கம்பி இழுத்த பந்தல், பன்னீர்த் திராட்சை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் கொண்டுவந்தது என்று சொல்கிற ரகம்; 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. குறியீடு வந்ததால் மழை நிற்கவில்லை. பழுக்கிற நேரத்து மழையில் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். இரண்டு கவாத்து இப்படியே போயிற்று. நகைக்கடன் தவணை தாண்டியது. ஏல நோட்டீஸைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, ஒப்புகை அட்டையோடு தபாலில் சேர்த்தது நான். இதில் யாரும் தப்பு செய்துவிடவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று, அவகாசமும் கொடுத்தாயிற்று. அதனால்தான் யாரையும் திட்டிவிட்டுத் தூங்கவும் வழியில்லை.

அவர் பேங்கில் என்னை ‘சார்’ என்பார், கோவிலில் ‘தம்பி’. ஒன்றை மற்றதன் இடத்தில் அவர் வாய்தவறியும் போட்டதில்லை.

நோட்டீஸ் போன அடுத்த வெள்ளி வீட்டுக்கூட்டம் அவர் வீட்டில். முறை வைத்து வருவது, மாற்றமுடியாது. போகாமல் இருந்துவிடலாமா என்று மாலை வரை யோசித்தேன். முற்றத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. பந்தலிலிருந்து மருந்து வாடை. பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. ஜெப விண்ணப்பங்கள் கேட்டபோது ஒருவர் மகள் பிரசவத்தைச் சொன்னார், ஒருவர் முட்டி வலியைச் சொன்னார். திராட்சைக்காரர் “மழை பெய்யாம இருக்கணும்” என்று மட்டும் சொன்னார். பங்குனியில் எல்லோரும் மழை வேண்டும் என்று ஜெபிக்கிற ஊரில் அது கொஞ்சம் சங்கடமான விண்ணப்பம். ஆயர் அதைப் பொதுவாக, ஏற்ற காலத்து மழை என்று மாற்றி ஜெபித்தார். சுண்டல் கொண்டுவந்த அந்த அம்மா முதல் தட்டை எனக்குத்தான் நீட்டினார். கழுத்தில் சங்கிலி இல்லை. தாலி மஞ்சள் நூலில் இருந்தது. அந்தச் சங்கிலியின் எடை எனக்குத் தெரியும், மில்லிகிராம் வரைக்கும்.

அறுப்பின் பண்டிகையில் நாங்களும் ஏலம் விடுகிறோம். காணிக்கையாக வந்த பூசணியும் சேவலும் வாழைத்தாரும் ஆராதனைக்குப் பின் ஏலத்துக்கு வரும். ஒரு கோழி முட்டை ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடி கொடுப்பார், மறுபடி ஏலம். பொருளுக்கு மேல் விலை போவதுதான் அங்கே சந்தோஷம். போன வருஷம் அவருடைய திராட்சைக் கூடையை நான்தான் எடுத்தேன், ஆயிரத்து நூறுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலாம் வார்த்தைக்கு நான் நன்றாகத் தயாரித்திருந்தேன். சிமோன் வேயிலைப் படித்தேன். விசுவாசத்தின் விளிம்புவரை வந்து, ஞானஸ்நானம் பெறாமல் வாசலிலேயே நின்றவர். என் ஸ்திதிக்கு வசதியான துணை. குறிப்புகள் ஏழு பக்கம். பெரிய வெள்ளியன்று வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிகள் சத்தம் மட்டும் போட்டன. எழுந்து நின்றதும் சிமோன் வேயில் அந்த மூன்றாவது வரிசைக்கு எதற்கு என்று பட்டது. குறிப்பை மடித்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னேன். இந்த வார்த்தையைச் சுவிசேஷக்காரர்கள் அவர் பேசிய பாஷையின் ஒலியிலேயே வைத்துவிட்டு, பிறகுதான் அர்த்தம் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த ஒலி சரியாகக் காதில் விழவில்லை. எலியாவைக் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். கூப்பிடு தூரத்தில் நின்றவர்கள்தான் தவறாகக் கேட்டவர்கள். அதற்கு மேல் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் அந்த மஞ்சள் நூல் தெரிந்தது. வாக்கியம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நாலு நிமிஷம் ஆகியிருக்கலாம்.

“சுருக்கமா, நல்லா இருந்துச்சு” என்றார் மூப்பர். அடுத்த வார்த்தைக்காரர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

ஈஸ்டர் அன்று இருட்டோடு கல்லறைத் தோட்டம். மெழுகுவர்த்திகள், செவ்வந்தி மாலைகள். புதிதாகச் சுண்ணாம்படித்த கல்லறைகளுக்கிடையே தூங்கிவிழும் பிள்ளைகள். அங்கிருந்து பாடிக்கொண்டே கோவிலுக்கு. திருவிருந்துக்கான ரசம் மூப்பர் வீட்டில் காய்ச்சியது; பழம் திராட்சைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு பெட்டி, காசு வாங்கமாட்டார். நான் கல்லூரிக் காலத்திலிருந்து திருவிருந்து எடுப்பதில்லை. அந்த நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். டோக்கன் இல்லாதவன் என்று எனக்குள் சொல்லிக்கொள்வது உண்டு, கேட்க நன்றாயிருக்கும்.

ஆனால் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது ஒன்று இருக்கிறது. 1950-இன் ஆராதனை முறையிலேயே தென்னிந்தியத் திருச்சபை அதைச் சேர்த்துவிட்டது. வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையில் வைத்து, இருவரும் இடக்கையால் மூடிக்கொள்வது. மேஜையருகில் ஆயரிடமிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாகப் பின்னால் வரும். கடைசி பெஞ்ச் வரைக்கும் வரும். திருவிருந்தை எடுக்காமல் இருக்கலாம். நீட்டிய கையை என்ன செய்வது?

அன்று தாமதமாக வந்ததால் அவர் எனக்கு முன் பெஞ்சில் நின்றிருந்தார். திரும்பினார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கவாத்துக் கத்தியில் காய்த்த கை. சொல்ல வேண்டியதைச் சொன்னார், நானும் சொன்னேன். வழக்கமாக அந்த இடத்தில் கையை விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. குனிந்து, பக்கத்து ஆளுக்குக் கேட்காதபடி கேட்டார்:

“திங்கக்கிழமை பேங்க் இருக்குமா சார்?”

“இருக்கும்ணே” என்றேன்.