கட்டைவிரலுக்குத் தனிப் பாடம்

திருச்சி கண்டோன்மென்டில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பின் கிட்டார் பாடவேளை நகப் பரிசோதனையோடு தொடங்குகிறது. இடக்கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் சரியாகப் படியாது. வலக்கை நகம் விரல்நுனியைத் தாண்டிக் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். கிளாசிக்கல் கிட்டாரில் பிளாஸ்டிக் பிக் கிடையாது. நகமும் சதையும் சேர்ந்துதான் நாதத்தை எழுப்புகின்றன. நகம் வளர்த்தால் பி.டி. சார் திட்டுவார் என்று ஒரு பையன் முறையிட, "நான் சொல்லி வைக்கிறேன்டா, வலது கைக்கு மட்டும்" என்கிறார் கிட்டார் மாஸ்டர்.

பின்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. பிள்ளைகள் இடது காலைச் சிறு மணையின் மேல் தூக்கி வைத்து, முக்கால் அளவு கிட்டாரைத் தொடையில் சாய்த்து அமர்கிறார்கள். ஆறு தந்திகளில் மூன்று வெறும் நைலான். மற்ற மூன்றில் நைலான் இழைமேல் உலோகச் சுற்று. முன்பெல்லாம் விலங்குக் குடலில் செய்த தந்திதான். இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தியை உருவாக்கினார். ஸ்பெயின் மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களும் மாறினார்கள்.

திருச்சிக்குக் கிட்டார் புதிதல்ல. பொன்மலை ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் அது வெகுகாலமாக ஒலிக்கிறது. ஆனால் அங்கே அதன் வேலை பாட்டுக்குத் துணை நிற்பது: இடக்கையில் கார்டு பிடித்து, வலக்கையால் மொத்தத் தந்திகளையும் வருடுவது. பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். "சார், சினிமாப் பாட்டு எப்போ சார்?"

அதற்கு மாஸ்டர் எடுத்துக்காட்டுவது இளையராஜாவை. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். "அவரும் இந்தப் பயிற்சியெல்லாம் தாண்டித்தான் வந்திருக்கார்."

அந்தப் பயிற்சியில் பிள்ளைகள் திணறும் இடம் வலக்கைக் கட்டைவிரல். அது கீழ்ஸ்தாயியில் தன் வழியே நடக்க வேண்டும். ஆட்காட்டி, நடு, மோதிர விரல்கள் மேலே மெட்டை வாசிக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு குரல்கள். இங்கே வரும் பிள்ளைகள் பலருக்குச் சுருதி ஞானத்தில் குறையில்லை. ஆனால் அவர்கள் கேட்டு வளர்ந்தது ஒற்றை இழையாக ஓடும் இசை. மேலே மெட்டு தொடங்கியதும் கட்டைவிரல் தன் வேலையை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி பாட்டும் கற்பவள். இடைவேளையில் முதல் தந்தியில் சரளி வரிசை வாசித்துக் காட்டினாள். மாயாமாளவகௌளை: திறந்த தந்தி ஷட்ஜம், பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12 எண் ஃப்ரெட்டுகள். ஸ்வரங்கள் பிசகாமல் விழுந்தன. கமகம் மட்டும் வரவில்லை. வீணையில் ஒரே ஃப்ரெட்டில் தந்தியை இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடலாம். நைலானை இழுத்தால் சுருதி அவ்வளவாக ஏறாது.

ஆனால் இரண்டு குரல் சிக்கலுக்கு அவள் ஊரிலேயே ஓர் உறவு உண்டு. வைகுண்ட ஏகாதசி உற்சவ நாட்களில், இரவு உற்சவர் நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும்போது வீணை வாசிப்பது ஸ்ரீரங்கம் கோயில் வழக்கம். வைணிகரின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நான்கு வாசிப்புத் தந்திகளை மீட்ட, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். மேலே ராகம் எங்கே போனாலும் சுண்டுவிரலின் கணக்கு வேறு. "வீணையில சுண்டுவிரல் செய்யறதை இங்கே கட்டைவிரல் செய்யணும்மா" என்றார் மாஸ்டர். கட்டைவிரலுக்குச் சுருதியும் மாறும் என்பதால் இது அதைவிடக் கடினம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

விருப்பமுள்ளவர்கள் டிரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தயாராகிறார்கள். மூன்று உருப்படிகள், விரல் பயிற்சிகள், பார்த்தவுடன் வாசிப்பது போன்ற சோதனைகள் அதில் உண்டு.

மாஸ்டரின் பிழைப்பு இந்த அறையோடு முடிவதில்லை. மாலையில் வீட்டு வகுப்புகள், ஞாயிறன்று தேவாலயப் பாடகர் குழு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கினால் பிள்ளைகளை டியூஷன் இழுத்துக்கொள்கிறது என்கிறார். ஆறாம் வகுப்பிலேயே அவர்களைப் பிடித்துவிட அவர் அவசரப்படுவதும் அதனால்தான். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இரண்டு குரல் கொண்ட ஓர் உருப்படியையாவது முழுதாக வாசிக்க வைத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.