பழைய பஞ்சு

அப்பா மருத்துவமனையில் இருந்த வாரம், சுங்கை பூலோ வீட்டில் அவருடைய தங்கமீன் தொட்டி என் பொறுப்புக்கு வந்தது. வடிகட்டியின் பஞ்சு கறுத்துச் சேறாக இருந்தது. அதைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவி மாட்டினேன். நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏழில் ஐந்து செத்துப்போயின.

தண்ணீர் என்னவோ கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த அழுக்குப் பஞ்சில்தான் குடியிருந்தன. கிருமிகளைக் கொல்லக் குழாய்நீரில் கலக்கும் குளோரின் அவற்றையும் விட்டுவைக்காது. நைட்ரஜன் சுழற்சியைத் தேர்வில் படம் வரைந்து எழுதியவன் நான்!

வீடு திரும்பிய அப்பா திட்டவில்லை. தொட்டி நீரையே ஒரு வாளியில் மொண்டு, பஞ்சை அதில் இரண்டு முறை அலசிக் காட்டினார். பின்னர் புதுப் பஞ்சு வாங்கியபோதும் பழையதை எறிய விடவில்லை. புதியதில் பாக்டீரியா குடியேறும்வரை, ஒரு மாதமாவது இரண்டும் அருகருகே இருக்க வேண்டுமாம்.

இப்போது வாளியை நான்தான் தூக்குகிறேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "போதும்டா, ரொம்பப் பிழியாதே" என்கிறார்.