துணைக்கரம் பிச்சையன்று!

மாலை ஏழு மணி. கோடைக்கால இலண்டனில் அந்நேரத்தில் கதிரவன் மறைவதில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் விடைபெறுவான். தெருவிலே சிறுவர் பந்தாடுவர். என் அறையிலோ இரவு வந்துவிடும்! திரைச்சீலையை இழுத்து மூடி, என்னைப் படுக்கையிலே கிடத்திவிட்டு உதவியாளர் புறப்படுவார். எனக்கு உறக்கம் வந்ததாலா? இல்லை. அவருடைய பட்டியலில் என் பெயர் ஏழு மணிக்கு எழுதப்பட்டிருப்பதால்!

கழுத்தெலும்பு முறிந்த நாள்முதல் என் கையும் காலும் என் சொற்கேட்பதில்லை. "முன்வினைப் பயன்" என்று ஊரிலிருந்து உறவினர் ஒருவர் மடல் விடுத்தார். "ஈரப் படிக்கட்டுக்கு முற்பிறவி ஏதய்யா?" என்று மறுமொழி விடுத்தேன். வினையென்று நம்பி வீழ்ந்து கிடப்பவன் உரிமை கேட்கமாட்டான் அல்லவா? அதற்காகவே சொல்லப்பட்ட கதை அது.

ஏழு மணி இரவு எனக்கு எப்போதும் வாய்த்ததன்று. தன்னுரிமை வாழ்வு நிதி என்ற பொருளில் 'இண்டிபென்டன்ட் லிவிங் பண்டு' என்றொரு நிதியை 1988இல் பிரிட்டிஷ் அரசு அமைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு உதவியாளரை நாங்களே தேர்ந்தோம். வரும் நேரத்தை நாங்களே வகுத்தோம். நூலகம் சென்றேன், மாலைக் கூட்டங்களில் பேசினேன், நள்ளிரவு வரை படித்தேன். பிறர் கைகளால் உண்டேன். எனினும் என் நாள் என்னுடையதாக இருந்தது.

அந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததா? விடுதிச் சுவர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பால் ஹண்ட், உடற்குறையுற்றோர் ஒன்றுசேர வேண்டுமென 1972இல் நாளேட்டுக்கு மடல் எழுதினார். அங்கே எழுந்த குரல்தான், உதவிப் பணத்தை உரியவர் கையிலேயே கொடுக்க வழிசெய்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் வரை வளர்ந்தது.

பின்னர் சிக்கனம் என்னும் கோடரி வந்தது. 2010இல் அந்த நிதி புதியோர்க்குக் கதவடைத்தது. நிதியையே மூடும் முடிவு முறையன்று என 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மீண்டும் முடிவெடுத்தது. 2015 ஜூன் 24 அன்று சக்கர நாற்காலிகள் நாடாளுமன்ற வாயிற்கூடத்தை நிறைத்தன. என்னுடையதும் அவற்றுள் ஒன்று. ஜூன் 30இல் நிதி மூடப்பட்டது. ஏறத்தாழப் பதினெட்டாயிரம் பேர் அதை நம்பியிருந்தனர். ஸ்காட்லாந்தோ தன் மக்களுக்கு அதைத் தொடர்ந்து நடத்தியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

நகராட்சியிலிருந்து அதிகாரி வந்தார். என் உதவி நேரத்தைக் குறைத்தார். "இரவு பத்து மணிக்கு ஆள் கிடைக்காது, ஏழு மணிக்கே படுத்தால் என்ன கெட்டுவிடும்?" என்றார்.

"தாங்கள் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?" என்றேன்.

விடையில்லை. உதவியாளர்மீது எனக்குக் குறையில்லை. அரைமணிக்கு ஒரு வீடென ஓட விடப்பட்ட உழைப்பாளி அவர். அவரையும் என்னையும் ஒரே கடிகாரம்தான் கட்டியாள்கிறது.

2025 மார்ச்சில் மற்றொரு திட்டம் வந்தது. அன்றாட வாழ்வுக்கான உதவித்தொகைக்கு எட்டுப் புள்ளிகள் போதும் என்பது இருந்த விதி. இனி, ஏதேனும் ஒரு செயலில் நான்கு புள்ளிகளாவது இருந்தே ஆகவேண்டும் என்றனர். இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் தேவையெனில் இரண்டு புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடையே எனில் நான்கு! தோளில் பிறந்தோன், தொடையில் பிறந்தோன் என உடலைக் கூறுபோட்ட வருணக் கணக்கை நாம் அறிவோம். வெள்ளையர் அலுவலகத்திலும் அப்படியொரு கணக்கா? முடக்குவாதத்தால் வாடும் என் நண்பர், சமையல், குளியல், உடை, ஊண் என இரண்டிரண்டாக எட்டுப் பெற்றவர். அவர் உண்ணவும் உடுக்கவும் படும் பாடு ஒரே நாளில் பொய்யாகிவிடுமா?

எதிர்ப்பு எழுந்தது. ஆளுங்கட்சியினரே கிளர்ந்தனர். ஜூலை 1 அன்று, வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர், அந்த விதியை அரசு கைவிட்டது. ஆனால் 2026 ஏப்ரல் முதல் உடல்நலத் துணைத்தொகை கோரும் புதியவருள் பெரும்பாலோர்க்கு, அதை ஏறத்தாழப் பாதியாக்கும் சட்டம் நிறைவேறிவிட்டது. இன்று நலமாயிருப்பவரே, நாளைக்கு அந்தப் புதியவர் நீங்களாகவும் இருக்கலாம்!

"பிறர் கையை எதிர்பார்ப்பவனுக்குத் தன்மானம் எதற்கு?" என்று கேட்போர்க்கு ஒரு காட்சியை நினைவூட்டுவேன். 1973 டிசம்பர் 19. சென்னைத் தியாகராயநகர். தொண்ணூற்று நான்கு வயது. உடலில் சிறுநீர்க் குழாய். தாங்கிப் பிடிக்கத் தோழர்கள். அந்த நிலையிலேதான் பெரியார் தம் இறுதிப் பேரூரையை நிகழ்த்தினார். துணைக்கரம் அவருக்கும் தேவைப்பட்டது. ஆயினும் எங்கே போவது, என்ன பேசுவது, எப்போது முடிப்பது என்பதை முடிவு செய்தவர் அவரே. தன்மானம் தசையிலா இருக்கிறது?

நான் சொல்லச் சொல்ல நண்பர் இதை எழுதி முடிக்கையில் மணி ஆறரை. இன்னும் சொல்ல வேண்டியவை உண்டு; உதவியாளரோ வந்துவிடுவார். கருணை கேட்கவில்லை நாங்கள். எங்கள் கடிகாரத்தை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்!