டயோடுச் சரத்தில் கொதிக்கும் பானை

டயோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறிய சிலிக்கான் உறுப்பு. ரேடியோ, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று எதைத் திறந்தாலும் நாலைந்தாவது கண்ணில் படும். மின்னோட்டம் கடக்கும்போது ஒவ்வொரு டயோடிலும் சுமார் 0.7 வோல்ட் விழுகிறது. அந்த வோல்ட்டை ஓடும் ஆம்பியரால் பெருக்கினால் எவ்வளவு வாட் வெப்பம் என்று தெரிந்துவிடும். மின்னணுத் தொழிலில் இந்த வெப்பம் ஒரு தொல்லை. அதை வெளியேற்ற அலுமினியத் துடுப்புகளும் விசிறிகளும் வைக்கிறார்கள். டயோடு அடுப்போ அந்த வெப்பத்துக்காகவே செய்யப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட டயோடுகளைச் சரமாகக் கோத்து, பானையின் அடியில் பதித்து, சோலார் பேனலிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை அதில் நேரடியாகச் சேர்த்தால் பானை சூடாகிறது. நடுவில் பேட்டரி கிடையாது, இன்வெர்ட்டர் கிடையாது, கட்டுப்பாட்டுக் கருவியும் கிடையாது.

இந்த அடுப்பு கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் உள்ள கால் பாலி பல்கலைக்கழகத்தில் உருவானது. இயற்பியல் பேராசிரியர் பீட் ஷ்வார்ட்ஸும் அவருடைய மாணவர்களும் 100 வாட் பேனல் ஒன்றை, நன்றாக வெப்பக் காப்பிட்ட பெட்டிக்குள் இருக்கும் சூடேற்றியோடு நேரே இணைத்து, 2017-ல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். டயோடுகளைச் சூடேற்றியாக்கும் முறை 2019-ல் வந்த அடுத்த கட்டுரையில் விவரிக்கப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் வான் பஸ்கர்க். மலாவியில் கிராமத்துச் சமையலுக்கு மின்சாரம் கொண்டுவர உழைத்தவர். மலாவியில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் விறகிலும் மரக்கரியிலும்தான் உலை கொதிக்கிறது. அடுப்புப் புகையாலும் அது போன்ற வீட்டுப் புகையாலும் 2020-ல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் பெரும் பங்கு அடுப்படியை விட்டு நகர முடியாத பெண்களுக்கும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளுக்கும் விழுகிறது. ஆராய்ச்சிக் கூடத்து விளையாட்டாக இந்த அடுப்பைப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பேனல் விலை விழுந்திராவிட்டால் இந்த யோசனையே எழுந்திருக்காது. 1977-ல் சிலிக்கான் மின்கலம் ஒரு வாட்டுக்கு 76 டாலர் அளவில் விற்றது. 2020-க்குள் பேனலே அரை டாலருக்குக் கீழே வந்துவிட்டது. பேனல் மலிந்த பிறகு செலவை ஏற்றியவை அதோடு சேர்த்து வாங்க வேண்டியிருந்த மற்றவைதான், முக்கியமாக சில ஆண்டுகளில் செத்துப்போகும் ஈய அமில பேட்டரி. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேனலும் ஒரு சூடேற்றியும் ஒரு காப்புப் பெட்டியும்.

100 வாட்டில் சமைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. தூண்டல் அடுப்புக்கே 1,800, 2,000 வாட் வேண்டும். ஆனால் திறந்த அடுப்பில் அவசரம்தான் வாட்டைத் தின்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 3,14,000 ஜூல் போதும். வெப்பம் வெளியே கசியாவிட்டால் 100 வாட் அதை 52 நிமிடத்தில் தந்துவிடும். கசிவுக்கும் கணக்கு உண்டு: அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள பெட்டியைச் சுற்றி 10 சென்டிமீட்டர் கனத்துக்கு நல்ல காப்பு இருந்தால், உள்ளே 100 டிகிரி, வெளியே 25 டிகிரி என்னும் நிலையில் 17 வாட் அளவே வெளியேறும். கொதி வந்தபின் அதைக் காத்து நிற்க அந்த 17 வாட்டே போதும். மேகம் மறைத்தாலும் பானை ஆறிப்போவதில்லை. காலையில் வைத்துவிட்டு வயலுக்குப் போனால் மதியம் வெந்திருக்கும்.

நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்க டயோடு எதற்கு? இந்த அடுப்பின் சாரமே இதில்தான் இருக்கிறது. சோலார் பேனல் வீட்டுச் சுவர் மின்சாரம் போன்றதல்ல. வெயில் எவ்வளவோ அவ்வளவு ஆம்பியர் தரும். வோல்ட் பெரிதாக மாறாது. 100 வாட் பேனல் முழு வெயிலில் சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் கொடுக்கும். அதற்குப் பொருந்த 3.3 ஓம் கம்பிச் சுருளைப் போட்டால் உச்சி வெயிலில் எல்லாம் சரியாக இருக்கும். வெயில் பாதியானதும் ஆம்பியர் 2.75 ஆகிறது; கம்பியின் தடை மாறாததால் வோல்ட்டும் 9-க்கு இறங்குகிறது. பேனலால் 50 வாட் தர முடியும், சுருளுக்குள் வருவதோ 25 வாட். கால் வெயிலில் 25 வாட்டுக்குப் பதில் ஆறு வாட். இந்த இழப்பைத் தவிர்க்கத்தான் விலை கூடிய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் விற்கிறார்கள்.

டயோடு அப்படி நடப்பதில்லை. அதில் விழும் வோல்ட் ஒரு படியின் உயரம் மாதிரி: மேலிருந்து குடம் தண்ணீர் விழுந்தாலும் கைப்பிடித் தண்ணீர் விழுந்தாலும் படியின் உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே பாதி வெயிலில் ஆம்பியர் பாதியானாலும் சரத்தின் மொத்த வோல்ட் 18-ஐ ஒட்டியே நிற்கும். பேனல் தரக்கூடியதில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகும். காலை எட்டு மணி வெயிலும் மழைக்கால மங்கல் வெயிலும் வீணாவதில்லை. கருவி வைத்துச் செய்ய வேண்டிய பொருத்தத்தைச் சில்லறை விலைக்குக் கிடைக்கும் டயோடு தன் இயல்பாலேயே செய்துவிடுகிறது.

சரம் கோக்கிற வேலைக்குப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. ஒரு மேசை, மூக்குக் குறடு, மல்டிமீட்டர், சுத்தியல் இருந்தால் போதும். டயோடின் கருப்பு உடலில் ஒரு முனைப்பக்கம் வெள்ளிக் கோடு இருக்கும். எல்லாக் கோடும் ஒரே பக்கம் பார்க்கும்படி முதலில் மேசையில் வரிசையாகப் பரப்பிக்கொள்கிறார்கள். ஒன்று திரும்பியிருந்தாலும் மின்னோட்டம் நின்றுவிடும். பிறகு ஒரு டயோடின் கம்பிக் காலையும் அடுத்ததன் காலையும் கொக்கியாக வளைத்து ஒன்றில் ஒன்றை மாட்டி, குறடால் இறுக்கி முறுக்குகிறார்கள். தேர்ந்த கை இந்த முறுக்கை மூன்று சுற்றில் முடிக்கும். கம்பியில் கீறல் விழாது, உடலை ஒட்டி வளைவும் வராது. உடலை ஒட்டி வளைத்தால் உள்ளே சிலிக்கானைப் பிடித்திருக்கும் இணைப்பு விரிசல் விடும். அது அப்போது தெரியாது, பானை பலமுறை சூடாகி ஆறியபின்தான் தெரியும்.

எத்தனை டயோடு என்பது அடுத்த கணக்கு. மேசைமேல் குளிர்ந்திருக்கும்போது 5 ஆம்பியரில் ஒரு டயோடில் 0.85 வோல்ட் விழலாம் என்று அளந்து, 18-ஐ அதனால் வகுத்து, 21 என்று கோத்தால் தப்பு. சிலிக்கான் டயோடின் வோல்ட் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். பானையடியில் 130, 140 டிகிரிக்கு ஏறும்போது ஒவ்வொன்றிலும் கால் வோல்ட் அளவுக்குப் போய்விடும். 24 கோத்த சரத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் குறையும். பேனலும் வெயிலில் காய்ந்து 60 டிகிரியில் இருக்கும்போது அதன் சிறந்த வோல்ட் 16 பக்கம் இறங்கியிருக்கும். சூட்டில் இரண்டும் சந்திக்கிற எண்ணிக்கையைத்தான் கோக்க வேண்டும். 100 வாட் பேனலுக்கு அது 24, 25-ஐ ஒட்டி வரும். சரத்தை இரண்டாகப் பிரித்துப் பக்க இணைப்பில் போடுவதும் கூடாது. சற்றுக் கூடுதலாகச் சூடான சரம் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், இழுத்ததால் இன்னும் சூடாகும், கடைசியில் எரியும்.

இணைப்புக்கு ஈயம் வைப்பதில்தான் பலர் அடிபடுகிறார்கள். வழக்கமான வெள்ளீய–காரீயக் கலவை 183 டிகிரியில் உருகும். பானை காய்ந்து சூடு எகிறினால் இணைப்பு கழன்றுவிடும். அதனால் முறுக்கின் இறுக்கத்தை நம்புவது, அல்லது செம்புக் குழாய்த் துண்டைச் செருகி நசுக்குவது என்று வழிகள் உண்டு. டயோடுக்கும் எல்லை இருக்கிறது. சாதாரண வகைகள் உள்ளே 150 டிகிரி, சில வகைகள் 175 டிகிரி வரைதான் தாங்கும். ஒவ்வொன்றிலும் 4 வாட் வெப்பம் பிறக்கிறது; அது தடையில்லாமல் உலோகத்துக்குள் போனால்தான் டயோடு பிழைக்கும். ஆகவே மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை விடும் மெல்லிய மைக்கா போன்ற ஒன்றை இடையில் வைத்து, சரத்தைப் பானை அடியோடு அழுத்திக் கட்டுகிறார்கள். சிமெண்டுக் குழம்பில் புதைப்பதும் உண்டு. காற்றிடைவெளி ஒன்று விட்டுப்போனால் அந்த இடத்து டயோடு முதலில் சாகும்.

காப்புப் பெட்டிக்கு வைக்கோல், உமி, பழைய துணி, கண்ணாடி இழை எது கிடைத்தாலும் ஆகும். நீராவி அதற்குள் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரமான வைக்கோல் வெப்பத்தைக் காக்காது. பானை காலியாக இருந்தால் ஆபத்து. தண்ணீர் உள்ளவரை சூடு 100 டிகிரியோடு நிற்கும். வற்றிய பின் நல்ல காப்பே எதிரியாகி, சூடு வைக்கோலைக் கருக்கும் அளவுக்கு ஏறும். வெப்பத்தில் தானே அணையும் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கான சுவிட்சை அப்படியே போட்டால் சீக்கிரம் கெடும், காரணம் அந்த மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைகிறது. பேனலின் நேர்மின்னோட்டம் அப்படித் தொடுவதே இல்லை. பொறி நீண்டு தொடுமுனைகளை உருக்கிவிடும்.

மலாவி அடுப்படியில் இந்த அடுப்புக்கு எது வரும், எது வராது என்பதைச் சமைப்பவரே முடிவு செய்கிறார். மணிக்கணக்கில் வேக வேண்டிய பயறுக்கு இது மிகப் பொருத்தம். விறகில் வைத்தால் பயறுதான் அதிகக் கட்டை கேட்கும். தினசரி உணவான ந்சிமா என்ற சோள மாவுக் களி வேறு விஷயம். கொதிக்கக் கொதிக்க மாவைத் தூவி, கை ஓயாமல் கிண்ட வேண்டும்; அதற்கு வேகமான சூடு தேவை, மூடிய பெட்டியும் இடைஞ்சல். இரவுச் சமையலுக்கு வழியாக எரித்ரிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளைப் பானையின் இரட்டைச் சுவருக்குள் நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். அது 118 டிகிரியில் உருகும்போது கிலோவுக்கு 3,40,000 ஜூல் அளவு வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மாலையில் உறையும்போது வேகமாகத் திருப்பிக் கொடுக்கும்.

சரத்துக்கு இன்னொரு பயன் உண்டு. வோல்ட் நிலையாக இருப்பதால், சரத்தின் நடுவில் தகுந்த இடத்தில் இரண்டு கம்பி எடுத்தால் கைபேசியும் விளக்கும் சார்ஜ் ஆகும். கைபேசிக்குச் சார்ஜ் போடக் காசு கொடுத்துக் கடைவாசலில் காத்திருக்கும் ஊர்களில், பல வீடுகள் அடுப்பை விட இதற்காகவே பேனல் வாங்கச் சம்மதிக்கும்.

இவ்வளவு மலிவான பொருள் ஏன் ஊரெங்கும் போகவில்லை என்று கேட்டால், பதில் டயோடில் இல்லை. தொழிற்சாலை வாசலில் மலிந்த பேனல், இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, லாரிக்காரர், தவணைக்குக் கொடுப்பவர் என்று கைமாறிக் கிராமத்துக்கு வரும்போது ஏழைக்கு எட்டாத பொருளாகிவிடுகிறது. மறுபக்கம், மரக்கரியைச் சிறு பையாக அன்றாடம் வாங்கும் பெண், மூட்டையாக வாங்குபவரை விடக் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார். கையில் மொத்தப் பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக இரண்டு பக்கமும் அவர்தான் கொடுக்கிறார். கரி மூட்டம் போடும் கூலியாளுக்கு இதில் ஒட்டுவது மிகச் சொற்பம். எந்தச் சமையல் அடுப்புத் திட்டமும் இந்தக் கணக்கைத் தொடாமல் தொழில்நுட்பத்தை மட்டும் விநியோகித்தால், வெளிநாட்டு நிதி நின்ற மறுநாள் அதுவும் நின்றுபோகும். உள்ளூரில் சரம் கோத்து உள்ளூரிலேயே பழுது பார்க்கும் கைகளுக்குக் கூலி கிடைக்கும்படி செய்தால், பேனலைத் தவிர மற்ற செலவெல்லாம் ஊருக்குள்ளேயே சுற்றும்.

பழுதும் கைக்கு அடங்கியதுதான். சூட்டில் செத்த டயோடு பெரும்பாலும் உள்ளே குறுக்குச்சுற்றாகிவிடும். சரம் நிற்காது, 0.7 வோல்ட் குறைவாக ஓடும். மூன்று நான்கு அப்படிப் போனால் பானை மந்தமாகும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு வரும்போது, நல்லது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும், செத்தது பூஜ்யம் காட்டும். அதன் இரண்டு காலையும் வெட்டியெடுத்து, அந்த இடத்தில் புதியதை வெள்ளிக் கோடு மற்றவற்றின் பக்கமே இருக்கும்படி முறுக்கி, திரும்பப் பானையடியில் அழுத்திக் கட்டுகிறார்கள்.