உச்சிக்குழி

மகள் 28ஆவது வாரத்தில் பிறந்தாள். மூன்றாம் நாள், உச்சிக்குழியில் கருவியை வைத்து ஸ்கேன் எடுத்த மருத்துவர், மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். "பஸ்ஸேறி காலேஜுக்குப் போவாதன்னு சொன்னேன், கேட்டியா?" என்றார் மாமியார். யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

பிறகுதான் படித்தேன். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளை அறைகளை ஒட்டிய நாளங்கள் மிக மெல்லியவை. ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாளில் நேர்கிறது. 1972இல் லிக்கின்ஸும் ஹோவியும் பரிசோதித்துக் காட்டிய ஸ்டீராய்டு ஊசி, தாய் வழியே சேய்க்குப் போய் நுரையீரலைக் காக்கிறது. இந்தக் கசிவையும் குறைக்கிறது. 1978இல் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், தாயின் மார்புச்சூடே குறைமாதப் பிள்ளைகளைக் காத்தது.

கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கியது அமர் சேவா சங்கம். அங்கே மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது தாய்மார்களோடு காத்திருந்தேன்.

"எங்க வீட்ல கிரகணத்தச் சொன்னாவ" என்றாள் ஒருத்தி.

"நான் மாடிப்படி ஏறுனேனாம்" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு பஸ்" என்றேன். சிரித்துவிட்டோம்.

அப்பாமார் என்ன செய்தார்கள் என்று எந்த வீட்டிலும் கேட்டிருக்கவில்லை.