ஒருநாட் சான்று

திருத்தணிகை மலைக்கு மேற்கே, குன்றுகளும் ஏரிகளும் மாறிமாறி வரும் நிலப்பரப்பில் அம்மையார்குப்பம் என்னும் ஊர் அமைந்துள்ளது. நெசவே அவ்வூரின் உயிர்த்தொழில். வைகறையிலேயே தறியோசை தெருவெங்கும் கேட்கத் தொடங்கும். கைத்தறி ஒலித்த இல்லங்கள் பலவற்றில் இன்று விசைத்தறி ஒலிக்கின்றது. ஆந்திர எல்லை அணித்தே இருத்தலின், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். திருத்தணி வட்டாரம் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினும் சாலை மாறவில்லை. அச்சாலையில் இரு மாநில எண்களைத் தாங்கிய வண்டிகளும் இன்றும் ஒன்றையொன்று முந்திச் செல்கின்றன.

அவ்வூரில் முதிய நெசவாளர் ஒருவரிடம் ஒரு 'புல்லட்' மோட்டார் சைக்கிள் உண்டு. 1994ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், தறித்தொழில் நல்ல வருவாய் தந்த ஒரு பருவத்தில், அவர் அதனை வாங்கினார். சென்னைக்கு வடபால் உள்ள திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி அது. இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டியினத்தின் உற்பத்தி 1955ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலும் நடைபெறலாயிற்று. தாய்நாட்டில் அந்நிறுவனம் 1970ஆம் ஆண்டளவில் மறைந்தொழிந்தது. வேர் அங்கே பட்டுப்போகப் பதியம் இங்கே தழைத்தது. முதியவரின் வண்டி பழைய அமைப்பினது. இக்காலத்து வண்டிகளில் வலக்கால் பிரேக்கையும் இடக்கால் கியரையும் இயக்கும். அதிலோ கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். புதியவர் ஏறினால் தடுமாறுவர். முதியவர்க்கோ அது தறியின் மிதிபலகை போல் காலுக்குப் பழகிய பொருள்.

முப்பது ஆண்டுகளாக அவ்வண்டி நூற்கட்டுகளை இல்லத்திற்குக் கொணர்ந்தது. துணி மூட்டைகளைத் திருத்தணிக்குச் சுமந்து சென்றது. மகப்பேற்று வலி கண்ட மகளை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அதுவே. அன்று பிறந்த பேர்த்தி இப்போது கல்லூரியில் பயில்கின்றாள். வண்டி ஓட்ட உரிமமும் பெற்றுள்ளாள். இவ்வாண்டு ஆடிக் கிருத்திகைக்குத் தாத்தாவைப் பின்னிருக்கையில் அமர்த்தி, மலையடிவாரம் வரை தானே ஓட்டிச் செல்வதென்று 2024ஆம் ஆண்டில் அவள் முடிவு செய்தாள்.

அவ்வாண்டிலேயே வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலமும் வந்தது. மக்கள் இதனை 'எப்.சி.' என்று பொதுப்பட வழங்குவர். அப்பெயர் வாடகைக்கும் வணிகத்திற்கும் ஓடும் பேருந்து, லாரி முதலியவற்றின் தகுதிச் சான்றிற்கே உரியது. சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவுச் சான்றே தகுதிச் சான்றாகவும் நிற்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அப்பதிவு முதற்கண் பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் கொண்டு சென்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். ஆகவே முதியவரின் வண்டி 2009, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் மும்முறை ஆய்வு கண்டிருந்தது. இது நான்காம் முறை. கட்டணம் முன்னர் 300 ரூபாயாக இருந்து, 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிள்களுக்கு அதனை 2,000 ரூபாயாக்கியது 2025ஆம் ஆண்டில்தான். அவ்வகையில் முதியவர் ஓராண்டு முந்திக்கொண்டார்.

குறித்த நாளில் அவர் விடியுமுன் எழுந்து வண்டியைத் துடைத்தார். புகைச் சான்று முந்திய வாரமே பெற்றாயிற்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற்கு முன் செய்யப்பட்ட இருசக்கர வண்டியாதலின், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு வரை இருக்கலாம். பின்வந்த வண்டிகளுக்கு 3.5 விழுக்காடு என வரம்பு குறுக்கப்பட்டது. முதுமைக்குச் சட்டம் காட்டிய சிறு சலுகை அது.

ஆய்வாளர் இளைஞர், பணிவும் கடமையுணர்ச்சியும் உடையவர். சட்டகத்தில் பொறித்த எண்ணைத் தாளில் கரிக்கோலால் தேய்த்துப் படியெடுத்து, ஆவணத்தோடு ஒப்பிட்டார். முகப்பு விளக்கையும் பின்விளக்கையும் எரியச் செய்தார். ஊதியை ஒலிக்கச் செய்தார். டயரின் பள்ளங்களை நோக்கினார். இருசக்கர வண்டியின் டயர்ப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைதல் ஆகாது என்பது விதி. பின்னர்த் தாமே ஏறி ஓட்டினார். நிறுத்துவதற்கு வலக்காலை அழுத்தியபோது கியர்தான் மாறியது. "ஐயா, பிரேக் இடக்காலில்!" என்று முதியவர் கூவினார். ஆய்வாளர் நகைத்தவாறே கைப்பிரேக்கைப் பிடிக்க, வண்டி நின்றது. சான்று கிடைத்தது. 2029ஆம் ஆண்டு வரை அது செல்லும்.

இல்லம் திரும்பியதும் பேர்த்தி ஓடிவந்து அத்தாளை வாங்கிப் படித்தாள்.

"தாத்தா, இனி ஐந்தாண்டுகளுக்குக் கவலை இல்லை அல்லவா?"

"அரசாங்கமே சொல்லிவிட்டதம்மா!" என்றார் முதியவர். எனினும் அவ்வினா அவர் உள்ளத்தில் முள்ளாய் உறுத்தியது. 2014ஆம் ஆண்டு ஆய்வில், ஊதி ஒலிக்கவில்லை என்று வண்டி திருப்பி அனுப்பப்பட்டது அவர் நினைவுக்கு வந்தது. மின்கம்பி ஒன்று தளர்ந்திருந்ததே அதற்குக் காரணம். அன்று வண்டியின் ஏனைய உறுப்புகள் யாவும் செம்மையாயிருந்தன. ஊதியின்றி ஓட்டல் தகாது. ஆதலின் அத்தீர்ப்பில் பிழை இல்லை. ஆனால் செம்மையான வண்டி சிறு குறையால் தவறக்கூடுமானால், பெருங்குறையுடைய வண்டி தேறவும் கூடுமன்றோ?

மாலையில் அவர் கடைத்தெருவிலிருந்த மேஸ்திரியிடம் சென்று அவ்வினாவை அப்படியே கேட்டார். மேஸ்திரி நகரியில் தொழில் கற்றவர். தெலுங்கு கலந்த தமிழில் பேசுபவர். அவர் ஒன்றும் உரைக்கவில்லை. முன்பிரேக்கின் பிடியை இருமுறை அழுத்தி விட்டார். மூன்றாம் முறை செவியை அருகே கொண்டுசென்று அழுத்தினார். பின்னர்க் கேபிளின் மேலுறையைச் சற்றே பின்னுக்குத் தள்ளினார்.

"மாமா, விரலால் தடவிப் பாருங்கள்."

பிரேக் கேபிள் என்பது ஒற்றைக் கம்பி அன்று. மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகள் பலவற்றை ஒன்றாக முறுக்கிய வடம் அது. பிடியை அழுத்துந்தோறும், அதன் முனையில் உள்ள குமிழின் அருகே அவ்வடம் வளைந்து நிமிர்கின்றது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்வதால் எஃகு சோர்வுறும். மழைநீர் உறைக்குள் இறங்கித் துரு ஏற்றும். முதலில் ஒரு புரி அறும். அதன் பாரத்தை ஏனையவை ஏற்கும். பின்னர் அவையும் ஒவ்வொன்றாய் அறும். முதியவரின் விரல்கள் அறுந்த புரிகளை எண்ணின. ஏழு.

அவர் முகம் வாடியது. ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் பாவில் ஓரிழை அறினும் கண்ணை மூடிக்கொண்டே அறிந்து பிணைக்கும் கை அது. நாள்தோறும் தாம் பிடிக்கும் கேபிளில் ஏழு புரி அறுந்தமையை அவர் அறியவில்லை. "தறியில் இருந்தால் கண்டிருப்பேன்" என்று மெல்லக் கூறினார்.

"ஆய்வாளர் இதனைக் காணவில்லையே?" என்று உடன் வந்திருந்த பேர்த்தி கேட்டாள்.

மேஸ்திரி ஆய்வாளரைப் பழிக்கவில்லை. "அவர் பிடித்தபோது வண்டி நின்றதா இல்லையா? நின்றது. எஞ்சியிருக்கும் புரிகளுக்கு அவ்வளவு வலிமை உண்டு, பாப்பா. ஆனால் எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால் நீ எவ்வளவு வலிந்து பிடிப்பாய்? அப்போதுதான் அறும்."

அவர் கூறியதை எண்ணிப் பார்த்தல் தகும். ஆய்வுக்களத்தில் வண்டி ஆளின் ஓட்ட வேகத்தைக் கடப்பதில்லை. பிடியை அழுத்துங் கையும் பதறுவதில்லை. சாலையின் நிலை வேறு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடக்கும். கண் கண்டதைக் கை செய்யுமுன் ஏறத்தாழ ஒரு நொடி கழிந்துவிடும். வேகம் இருமடங்காயின், பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்மடங்காகும். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்னோக்கிச் சாய்தலின், நிறுத்தும் பணியில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. அறுந்த புரிகளையுடைய கேபிள் எளிய சோதனை எல்லாவற்றிலும் தேறி, கடிய சோதனை ஒன்றில் மட்டும் தவறும். தவறக்கூடாத சோதனையும் அதுவே. பிரேக் கட்டையின் தேய்வும், சக்கர அச்சின் குண்டுமணிகளும், ஆரக்கம்பியின் நுண்ணிய வெடிப்பும் இத்தன்மையனவே. வண்டியைப் பிரித்துப் பாராமல் அவற்றை அறிதல் அரிது. வரிசையாக வண்டிகள் காத்துநிற்கும் களத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க எந்த ஆய்வாளராலும் இயலாது.

பிற நாடுகளும் இவ்விடர்ப்பாட்டை அறிந்தே விதிகள் வகுத்துள்ளன. திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த அதே 1960ஆம் ஆண்டில், பிரிட்டனில் பழைய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை தொடங்கிற்று. பத்தாண்டு கடந்தவற்றின் பிரேக்கு, விளக்கு, திருப்பும் பொறி ஆகியவற்றை மட்டும் முதலில் நோக்கினர். 1967ஆம் ஆண்டில், மூன்றாண்டு நிறைந்த வண்டிகளே சோதனைக்கு வரவேண்டும் என்றாக்கினர். சோதனையில் தேறிய வண்டியும் பின்னர்ச் சீர்கெடலாம் என்பதும், அதனைச் சீராக வைத்திருத்தல் உடையவன் கடமை என்பதும் அந்நாட்டுச் சட்டத்தின் கொள்கை. ஜப்பானில் 250 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு முதற்கண் மூன்றாண்டிலும் பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் சோதனை உண்டு. நம் நாட்டு இடைவெளியோ ஐந்தாண்டு. நாள்தோறும் ஓடும் வண்டியில் ஐந்தாண்டுக்குள் டயரும் சங்கிலியும் பிரேக் கட்டையும் மாற்ற வேண்டிய நிலை வந்துவிடும். அவ்வாறாயின், ஆய்வாளர் கண்ட வண்டி வேறு. நான்காம் ஆண்டில் சாலையில் ஓடும் வண்டி வேறு. இவ்விடைவெளி குறைதல் நன்றே. ஆய்வு நாளன்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிச் சென்று, மாலையில் கழற்றிக் கொடுத்துவிடுவோரும் உளர். அவர்கள் ஆய்வாளரை ஏமாற்றியதாக மகிழ்வர். அவர்தாம் அவ்வண்டியில் ஏறப்போவதில்லையே!

இதனால் ஆய்வே வீண் என்று கொள்ளலாகாது. எரியாத விளக்கும், தேய்ந்து வழுக்கும் டயரும், பிறர்க்குத் தீங்கு செய்யும் புகையும் ஆய்வினால்தான் பலர் வண்டிகளில் செப்பமுறுகின்றன. முதியவரின் வண்டியிலும் முகப்பு விளக்கு மங்கியிருந்தது. ஆய்வு நெருங்கியதாலேயே அவர் அதனை மாற்றினார்.

மேஸ்திரி அன்றிரவே கேபிளை மாற்றினார். பேர்த்தி அருகிருந்து விளக்குப் பிடித்தாள். பிடியின் தளர்ச்சி எவ்வளவு இருத்தல் வேண்டும், சங்கிலியின் தொய்வை எங்கே விரல் வைத்துப் பார்ப்பது, ஆரக்கம்பிகளைத் தட்டினால் நல்லது எவ்வாறு ஒலிக்கும், தளர்ந்தது எவ்வாறு ஒலிக்கும் என்பவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்டாள். முதியவர் பழைய கேபிளை வேண்டுமென்று கேட்டு வாங்கி, மடியில் செருகிக்கொண்டார்.

ஆடிக் கிருத்திகை நாளன்று இருவரும் புறப்பட்டனர். புறப்படுமுன் அவள் பிடியை மும்முறை அழுத்தி, செவி சாய்த்துக் கேட்டாள். சாலையின் இருமருங்கும் காவடி தாங்கிய அடியார்கள் நிறைந்திருந்தனர். சிறுவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடினர். எதிரே பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலையடிவாரத்தை அடைவதற்குள் முன்பிரேக்கை எத்தனை முறை பிடித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அம்மையார்குப்பம் திரும்பியதும் மேஸ்திரியின் கடை முன் வண்டியை நிறுத்தினாள். அவர் கேபிளின் முனையைத் தடவிப் பார்த்து, ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய் இட மீண்டும் கொண்டு வருமாறு சொல்லியனுப்பினார்.